சுளகை மடியிலிருந்து இறக்கி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கர்ப்பக் காலத்தில் வரும் சின்னச் சின்னத் தொல்லைகளைச் சமாளிப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எழுதிய டாக்டரம்மா தவறாக எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுங்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள், காலையில் பூங்காவில் நடங்கள், வேலைக்கு நடுவில் எழுந்து உலாத்துங்கள். எல்லாம் சரி. இதையெல்லாம் செய்ய அந்தப் பிள்ளையை யார் விடப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். பணிக்காலம் முழுக்க ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கிராமங்களில்தான். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், 2019-இல் தென்காசி மாவட்டமாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையிலோ நடுவீட்டிலோ பீடி சுற்றும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முந்தின இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் அளவு பார்த்து வெட்டி, மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துப் புகையிலைத் தூளைக் கொட்டிச் சுற்ற ஆரம்பித்தால், சாயங்காலம், இலையும் தூளும் கொடுத்த பீடிக் கடையில் கொண்டு போட்டால்தான் இடுப்பை நிமிர்த்த முடியும். ஆயிரம் பீடி என்பது ஒரு முழுப் பகல். முழுகாமல் இருக்கிறாள் என்பதற்காக அந்த ஆயிரம் ஐந்நூறாகக் குறைகிற வீடு உண்டு, குறையாத வீடும் உண்டு. குறையாத வீடுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கர்ப்பிணிக்கு வரும் உபாதைகளில் பாதிக்கு மேல் அவள் ஒருத்தியால் தீர்க்க முடியாதவை. தீர்வு மாமியார் கையில் இருக்கும், புருஷன் கையில் இருக்கும், சமயத்தில் பீடிக் கடைக்காரர் கையில் இருக்கும். நாம் எழுதுவதெல்லாம் அவளைப் பார்த்து எழுதுகிறோம். அவளுக்குத் தெரியாமலா இருக்கிறது, குனிந்தே உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்று?

மசக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போன இரண்டொரு வாரத்தில் குமட்டல் ஆரம்பிக்கும், பெரும்பாலோருக்கு நாலாம் மாதத்தோடு அடங்கும், சிலருக்கு ஐந்தாம் மாதம் வரை இழுக்கும். வெறும் வயிறு அதற்கு ஆகவே ஆகாது. கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, இரண்டு வாய் பொரியோ ஒரு ரஸ்க்கோ மென்றுவிட்டுச் சற்று நேரம் அப்படியே கிடந்தால் நன்றாக மட்டுப்படும். இது பெரிய வைத்தியம் இல்லை, செலவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் எழுவது மருமகள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, எல்லாருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அவள் வாயில் ஒரு வாய் வைக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அதற்குள் வாய்க்கால் ஓரம் நாலு தடவை ஓங்கரித்திருப்பாள்.

அதனால் நான் போனால் முதலில் மாமியார் பக்கத்தில்தான் உட்காருவேன். "ஆச்சி, ஒரு ரெண்டு மாசத்துக்கு வாசல் தெளிக்கிறத நீங்க பாத்துக்கிடுங்க. தலமாட்டுல ஒரு டப்பாவுல பொரி இருக்கட்டும்" என்றால், உடனே பதில் வரும்: "ஏன், நாங்கள்லாம் பெறலியா நர்ஸம்மா?" அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டுப் பயனில்லை. "பெத்திய ஆச்சி. உங்களுக்கு அப்ப யாரும் இப்பிடி வந்து சொல்லல, அதான் நான் வந்து சொல்லுதேன்" என்பேன். பாதிப் பேர் அடுத்த நாளே செய்துவிடுவார்கள். மீதிப் பாதியை வளைகாப்பு வரை விரட்ட வேண்டியிருக்கும்.

மசக்கைக்காரிக்குப் பக்கத்தில் புகையிலைத் தூள் வேறு. அந்த நெடிக்கே சும்மா இருப்பவர்களுக்குக்கூடத் தலை சுற்றும். புகையிலையின் நஞ்சு மூச்சு வழியாகவும் போகும், கைத் தோல் வழியாகவும் போகும், அதுவே குமட்டலைக் கூட்டும். பிள்ளை பிறக்கும்வரை அவள் தூளைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது. அது நடக்காத வீடுகளில் நான் வைத்த பேரம்: சுற்றுகிற வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும், அவள் இலை மட்டும் வெட்டட்டும், கட்டுப் போடட்டும். அதற்கும் ஒத்து வராத இடத்தில், சாப்பிடும் முன்பாவது சோப்புப் போட்டுக் கை கழுவு, சோற்றுச் சட்டியைச் சுளகுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று சொல்லிவிட்டு வருவேன்.

வாந்தியில் ஒரு எல்லை உண்டு. பச்சைத் தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, எழுந்தால் கண்ணை இருட்டுகிறது, போன மாதத்தைவிட எடை இறங்கிவிட்டது என்றால் அதை மசக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை அது. அந்த அளவு போகும் முன்பே டாக்டரிடம் சொன்னால் கர்ப்பத்தில் போடக்கூடிய வாந்தி மாத்திரை எழுதித் தருவார்கள். "மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான், இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் 'செட் மாத்திரை' வாங்கி விழுங்குவார்கள். அந்தச் செட்டில் என்ன வலி மாத்திரை இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் கவலை இல்லை. டைக்ளோபினாக், இபுபுரூபன் மாதிரியான மாத்திரைகளைக் கர்ப்பிணி தானாக வாங்கிப் போடவே கூடாது. அதிலும் ஐந்து மாதத்துக்கு மேல் பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்து ரத்த ஓட்டத்தையும் அவை பாதிக்கும்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். சுளகு மடியில் இருந்தால் முதுகு வளைந்தே தீரும். மாதம் ஏற ஏற வயிறு முன்னே தள்ளும், சுளகு இன்னும் முன்னே போகும், முதுகு இன்னும் வளையும். இதற்கு நான் கண்ட வழி ரொம்பச் சாதாரணம். சுளகை மடியிலிருந்து இறக்கி ஒரு முக்காலியிலோ கவிழ்த்த பெட்டியிலோ வையுங்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்காரட்டும், இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே பழைய சேலையை உருட்டிக் கொடுங்கள். காலைச் சப்பணம் போட்டே வைத்திருக்காமல் ஒன்றை மாற்றி ஒன்றை நீட்டிக்கொள்ளட்டும். மணிக்கு ஒரு தரம் எழுந்திரு என்றால் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். அதனால் கட்டுக் கணக்கில் சொல்லிவிடுவேன்: இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாலு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா. நூறு பீடிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், கணக்கு சரியாக வந்துவிடும். பூங்காவில் நடக்கச் சொன்ன டாக்டரம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, எங்கள் ஊரில் பூங்கா இல்லை.

அந்தத் தண்ணீர் விஷயம் சாதாரணமானதில்லை. பீடி சுற்றும் வீட்டில் காற்றாடியைப் போட மாட்டார்கள், தூள் பறக்கும், இலை காய்ந்துவிடும். சித்திரை வைகாசியில்கூட அந்தப் புழுக்கத்தில்தான் வேலை. வியர்த்துக் கொட்டும், தண்ணீரோ குடிக்க மாட்டாள், குடித்தால் அடிக்கடி ஒன்றுக்கு எழ வேண்டும், எழுந்தால் கணக்குக் குறையும். வீட்டில் கழிப்பறை இல்லாதவளுக்கு இருட்டும் வரை அடக்கி வைக்கும் பழக்கம் வேறு. விளைவு மலச்சிக்கல், மூலம், தலைச்சுற்றல், நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்பை 'உடம்புச் சூடு' என்று இளநீரிலும் வெந்தயத்திலும் முடித்துவிடுவார்கள். இளநீர் குடிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிச்சலோடு அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல் சேர்ந்தால் அது சிறுநீர்த் தொற்று. விட்டு வைத்தால் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்தில் கொண்டு போய் நிறுத்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்தும் போதும்.

மலச்சிக்கல் என்றதும் சிவப்பு மாத்திரை ஞாபகம் வருகிறது. இரும்புச் சத்து மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் போட வேண்டும், பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 நாள். நான் எண்ணிக் கொடுத்த மாத்திரைகளை ஓட்டுச் சந்தில் பார்த்திருக்கிறேன், அரிசி டிரம்முக்குள் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அட்டை அட்டையாக இருந்தது. ஏன் போடவில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். காரணம் கேட்டால் ஐந்து வரும்: மலம் கறுப்பாகப் போகிறது, இறுகிவிடுகிறது, வாயில் துருப்பிடித்த ருசி, பிள்ளை கறுத்துவிடும், பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும். கடைசி இரண்டும் கதை. முதல் மூன்றும் நிஜம், அவளைத் திட்டினால் போகாது. கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் தெரியாமல் தூக்கம் வந்துவிடும். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ இருந்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். காப்பி, டீ குடித்தால் சேராது, இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடவே கூடாது, ஒன்றை ஒன்று கெடுக்கும். சிக்கலுக்குத் தண்ணீர், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கேப்பைக் களி. விளக்கெண்ணெய் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது வயிற்றைப் புரட்டி வலியைக் கிளப்பிவிடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. விபூதிக் கட்டியைக் கடிப்பாள், பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாள், அடுப்புச் சாம்பல், செங்கல் துண்டு, பிள்ளைகளின் சிலேட்டுக் குச்சி வரை போகும். மசக்கை ஆசை, தின்னுட்டுப் போகட்டும் என்று பார்த்துச் சிரிப்பார்கள். இப்படி மண்ணையும் சாம்பலையும் தேடுகிறவளுக்குப் பல நேரம் ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கும். சிரித்துவிட்டாவது ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ வாங்குகிற காசுக்கு எத்தனையோ நாள் முட்டை வாங்கலாம். குங்குமப்பூவால் எந்தப் பிள்ளையும் சிவந்து நான் பார்த்ததில்லை.

நெஞ்சுக் கரிப்புக்கு ஊரில் சொல்லும் காரணம், வயிற்றுப் பிள்ளைக்குத் தலைமுடி நிறைய. கேட்கச் சந்தோஷமாக இருக்கும், அவளும் மூச்சுக்கூட விடாமல் பொறுத்துக்கொள்வாள். உண்மைக் காரணம், கர்ப்பத்தில் சுரக்கும் நீர்கள் இரைப்பையின் வாயைத் தளர்த்திவிடுகின்றன, வளரும் கர்ப்பப்பை கீழேயிருந்து மேலே தள்ளுகிறது, புளித்த நீர் தொண்டை வரை ஏறுகிறது. சாப்பிட்டதும் படுத்தால் இன்னும் மோசம். இப்போது எங்கள் வீடுகளின் ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் வந்து உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமனார் மாமியார் உண்டு, மிச்சத்தை அவள் பத்து மணிக்கு உண்டு, சட்டி பானை கழுவிவிட்டு அப்படியே பாயில் சாய்வாள். பிறகு விடிய விடிய எழுந்து உட்கார்ந்திருப்பாள். ஏழரை மணிக்கு அவளுக்கு முதலில் போடுங்கள். இதைச் சொன்னதற்கு ஒரு வீட்டில் எனக்கு அன்று காப்பி கிடைக்கவில்லை. கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல் வையுங்கள். பாய் என்றால் முதுகிலிருந்தே சரிவாக வரும்படி பழைய போர்வைகளை அடுக்குங்கள், தலையை மட்டும் உயர்த்தினால் கழுத்து வலிதான் மிஞ்சும்.

நெஞ்சுக் கரிப்பில்தான் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஒரு பெண், தலைப்பிள்ளை, எட்டு மாதம். வளைகாப்பு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே, மேல் வயிற்றில் வலி. வீட்டில் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், கேட்கவில்லை, எலுமிச்சை பிழிந்து சோடா கொடுத்தார்கள். தலை வலிக்கிறது என்றாள், வெயில் என்றார்கள். நான் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கலகலவென்று சத்தம் போடும் கண்ணாடி வளையல் அன்று சத்தமே போடவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். வளைகாப்பில் தாராளமாக ஏறிய வளையல்கள் மணிக்கட்டுக்கு மேலே சதையில் பதிந்து நின்றன, நகர்த்தினால் அடியில் சிவந்த கோடு. கண் இமை தடித்திருந்தது. பிரஷர் பார்த்தால் 160-க்கு 110. சிறுநீரில் உப்பு, அதாவது அல்புமின், நிறைய. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசியை இரண்டு பக்கப் பிட்டத்திலும் போட்டு, 108-இல் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குறைமாதத்தில் பிள்ளையை எடுத்து, பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். தாயும் பிழைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என்னைக் கண்டால் ஓடி ஒளிவாள், ஊசிக்காரி என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் அன்று மறைக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள், தலை வலிக்கிறது என்றாள், கால் வீங்குகிறது என்றாள். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அனுப்பினார்கள். 'எல்லாருக்கும் வருவதுதான்' என்ற பதில் இருக்கிறதே, அதுதான் எங்கள் பக்கத்தில் தாய்மாரைக் கொல்கிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய் மரணம் என்பது 2018-20 கணக்கு, நாடு முழுக்கவும் சேர்த்தால் 97. நாம் நன்றாகத்தான் செய்திருக்கிறோம். மிச்சமிருக்கும் அந்த 54-இல் எத்தனை பேர் இப்படி ஒரு சோடாவோடு படுக்கப் போனவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான், மறுக்கவில்லை. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டோ மடக்கியோ உட்கார்ந்தால் சாயங்காலம் கணுக்காலில் விரல் பதியும். ராத்திரி காலுக்கு அடியில் தலையணை வைத்து இடது பக்கம் படுத்து எழுந்தால் காலையில் வடிந்திருக்கும். வடியாமல் காலையிலும் இருப்பது, முகத்துக்கும் கைக்கும் ஏறுவது, திடீரென்று கூடுவது வேறு கதை. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச் சதை சுட்டு வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிரஷர் 140-க்கு 90 வந்தாலே, கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

இதைப் பேசும்போது ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னது. முதலில் அவரும் "வீங்கத்தான் செய்யும், பிள்ள பெறந்தா நீர் வத்திரும்" என்றுதான் ஆரம்பித்தார். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். வெற்றிலையை மென்றபடி இருந்தவர் பிறகு, "எனக்கு ரெண்டாவதுக்கு மூஞ்சியெல்லாம் இப்பிடித்தான் ஊதுச்சு. வெட்டு வந்து விழுந்தேன். பிள்ள தங்கல" என்றார். வெட்டு என்றால் வலிப்பு. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் அது பேய் அடித்த கணக்கு. அன்று சாயங்காலம் மருமகளைக் கூட்டிக்கொண்டு அவரே பிரஷர் பார்க்க வந்தார்.

கெண்டைக்கால் இழுப்புக்கு ராத்திரியில் காலை உதறக் கூடாது, அடிக்கக் கூடாது. முழங்காலை நீட்டி, கால்விரல்களை மேலே முகத்தைப் பார்த்து இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும். வயிறு பெரிதானபின் அவளுக்கு எட்டாது, புருஷன் பிடிக்கட்டும், தூக்கம் கலைந்தால் பரவாயில்லை. வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். உள்ளங்கையும் உள்ளங்காலும், அதுவும் கடைசி மாதங்களில் ராத்திரி நேரத்தில் பிடுங்கி எடுத்தால் வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஈரல் கோளாறாக இருக்கலாம், ரத்தம் சோதிக்க வேண்டும், பிள்ளைக்கு ஆபத்து உண்டு. அடிக்கடி தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது இரண்டும் கர்ப்பத்தில் சகஜம் என்பதால் சர்க்கரை வந்தது தெரியாமலே போகும். அந்த 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கஷ்டம்தான், சில பேர் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வரவே மாட்டார்கள். வர வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலே கர்ப்பச் சர்க்கரை.

கடைசி மாதத்தில் வரும் சூட்டு வலிக்குச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம், அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி. இந்தப் பழைய கணக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ரத்தம் பட்டாலோ, தண்ணீர் உடைந்தாலோ, பிள்ளை வழக்கமாகத் துள்ளுகிற நேரத்தில் துள்ளாவிட்டாலோ, தலைவலி விடாமல் இருந்து பார்வை மங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வெட்டு வந்தாலோ அடுப்பில் எதையும் வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி நேரத்தில் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற விஷயத்துக்கு 104 இருக்கிறது, போனிலேயே பதில் சொல்வார்கள்.

இனி பீடிக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே, பேறுகாலம் நெருங்கும்போது அவள் கேட்டுக்கொண்டால் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக் கூடாது என்று எழுதினார்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்த மகப்பேறு உரிமையைப் பீடித் தொழிலுக்கும் பொருத்தியது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் மாமியார் பேரில், சுற்றுகிறது மருமகள் கை. அறுபது வயதுக்காரிக்கு யார் பேறுகால விடுப்பு தருவார்கள்? சுற்றுகிறவள் பேரிலேயே கணக்கு எழுதுங்கள். அதைச் செய்யும் வரை, எட்டு மாதக்காரி கொண்டுவரும் பீடிக் கட்டுகளில் ஒன்றிரண்டு குறைந்தால் முகத்தைச் சுளிக்காமலாவது இருங்கள். அவள் வரிசையில் நிற்காமல் உட்கார ஒரு பெஞ்சு போடுவதற்குச் சட்டம்கூட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது. பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழமும் நெய்யும் அவளுக்கு வந்தவை, வீட்டுக் குழந்தைகளுக்குப் பங்கு போட வந்தவை இல்லை. பணத்தை வளைகாப்புப் பந்தலுக்கும் பழைய கடனுக்கும் கட்டிவிட்டு, பிரசவ நேரத்தில் மறுபடி வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு மாதம் சுளகை மூலையில் சாத்தி வைக்க முடியும் என்று எந்த வீட்டிலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் பக்கத்தை இனிமேல் பெண்கள் இணைப்பில் போடாதீர்கள். எங்கள் ஊரில் பேப்பர் படிக்கும் இடம் டீக்கடை, படிப்பவர்கள் ஆண்கள், பெண்கள் இணைப்பு காலை எட்டு மணிக்குள் வடைக்கு எண்ணெய் ஒற்றப் போய்விடும். விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோருக்குப் பக்கத்தில் போடுங்கள். தலைப்பில் 'கர்ப்பிணிகளே' என்று இருக்க வேண்டாம், 'வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா?' என்று இருக்கட்டும். எந்தெந்த அறிகுறிக்கு 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுகிற அளவில், பெரிய எழுத்தில் போட்டால் டீக்கடைக்காரரிடம் நானே போய் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.)